பூட்டுக்காரர் மகன் அளந்த கரண்ட்

மூணாவது வருஷம் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி. மல்லாட்டை வயல்ல மண்ணோட ஈரத்தைப் பார்த்து போனுக்குச் சொல்ற ஒரு சின்ன போர்டு எங்களோடது. ஈஎஸ்பி32, ஒரு சென்சார், ரெண்டு பென்சில் பேட்டரி, அவ்வளவுதான். நல்லாதான் ஓடிட்டு இருந்தது. பேட்டரி எத்தனை நாள் வரும்னு ரிவ்யூவில் கண்டிப்பா கேட்பாங்க, அதனால எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு அளந்துடலாம்னு மல்டிமீட்டரை சீரிஸில் போட்டோம். போர்டு ரீசெட் ஆச்சு. திரும்ப ஆச்சு. மீட்டரை எடுத்தா ஓடுது, போட்டா சாகுது.

லூஸ் கனெக்‌ஷன்னு நினைச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் சால்டரிங் பண்ணிட்டு இருந்தோம். தப்பு சால்டரில் இல்லை. தப்பு என்னன்னு புரிஞ்சப்போதான், பள்ளிக்கூடத்திலிருந்து வி ஈக்வல் டு ஐ ஆர்னு ஒப்பிச்சிட்டு வந்த அந்த மனுஷன் யாருன்னு தேடிப் படிச்சேன். நாங்க ஒரு ராத்திரி மாட்டின அதே இடத்தில் அவர் ஒரு வருஷம் மாட்டியிருக்கார். அவர் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். எங்க போர்டுக்கு என்ன ஆச்சுன்னு கடைசியில் சொல்றேன். அதுக்குள்ள நீங்களே கண்டுபிடிச்சாலும் சரி.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16 அன்று ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா யோஹான் பூட்டு செய்யும் தொழிலாளி. அம்மா ஒரு தையல்காரர் மகள். ஏழு குழந்தைகள் பிறந்து மூணு பேர்தான் தங்கினார்கள்: ஜார்ஜ், தம்பி மார்ட்டின், தங்கை எலிசபெத். ஜார்ஜுக்குப் பத்து வயசு இருக்கும்போது அம்மாவும் போயிட்டார்.

அந்த அப்பாவைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். அவர் பெரிய படிப்பு படிச்சவர் இல்லை. ஆனா தானாகவே கணக்கும் தத்துவமும் படிச்சு, அதைப் பசங்க ரெண்டு பேருக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். பகலில் பட்டறை, அதுக்கு அப்புறம் கணக்கு. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் ஒருமுறை பதினைஞ்சு வயசு ஜார்ஜை உட்கார வைச்சு சோதிச்சுப் பார்த்துட்டு, புகழ்பெற்ற பெர்னூலி குடும்பத்துக் கணிதக்காரர்களோட ஒப்பிட்டுப் பேசினாராம். அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மார்ட்டினும் பின்னாடி கணிதப் பேராசிரியர் ஆனார். பட்டறையில் ஜார்ஜ் கத்துக்கிட்ட கைவேலை இருக்கே, அது இந்தக் கதையில் பின்னாடி வரும். மறந்துடாதீங்க.

1805-இல் ஜார்ஜ் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்க போய் என்ன பண்ணினார்னு நினைக்கிறீங்க? டான்ஸ், பில்லியர்ட்ஸ், ஐஸ் மேல ஸ்கேட்டிங். நம்ம ஹாஸ்டல் கதை மாதிரியே இருக்கு இல்ல? மூணு செமஸ்டரில் அப்பாவுக்குப் பொறுமை போயிடுச்சு. தனக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணடிக்கிறான்னு கோபம். படிப்பை நிறுத்திட்டு 1806-இல் ஜார்ஜ் ஸ்விட்சர்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போனார். அப்போ அவருக்கு வயசு பதினேழு.

அங்கேயே தனியாகக் கணிதம் படிச்சு, 1811-இல் எர்லாங்கனுக்குத் திரும்பி வந்து டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் கிடைச்சது, வேலை கிடைக்கலை. பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தார், வருமானம் பத்தலை. 1813-இல் பாம்பெர்க் ஊரில் ஒரு சாதாரணப் பள்ளியில் சேர்ந்தார். 1816-இல் அந்தப் பள்ளியையே மூடிட்டாங்க. 1817-இல் கொலோன் நகரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை கிடைச்சது. வயசு இருபத்தெட்டு. கையில் டாக்டர் பட்டம், வேலை ஸ்கூல் வாத்தியார். பிளேஸ்மென்ட் பத்திப் புலம்பும் நம்ம சீனியர்கள் இவரைத் தெரிஞ்சு வைச்சுக்கலாம்.

ஆனா கொலோன் பள்ளியில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. நல்ல இயற்பியல் லேப். 1820-இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட், கரண்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புதுன்னு காட்டினார். இது ஏன் முக்கியம்? அதுவரைக்கும் கரண்டை அளக்க யார்கிட்டேயும் சரியான கருவி இல்லை. ஷாக் எவ்வளவு அடிக்குது, தீப்பொறி எவ்வளவு பெருசுன்னு பார்த்துட்டு இருந்தாங்க. இங்கிலாந்தில் கேவண்டிஷ் 1781-லேயே தன் உடம்பையே மீட்டராக வைச்சு, எந்த ஷாக் பெருசு எது சின்னதுன்னு ஒப்பிட்டு, கிட்டத்தட்ட இதே விதியைக் கண்டுபிடிச்சிருந்தார். ஆனா அதை அவர் வெளியிடவே இல்லை. மேக்ஸ்வெல் அந்த நோட்டுகளை 1879-இல் அச்சில் கொண்டு வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிஞ்சது.

ஓம் எடுத்துக்கிட்ட கேள்வி ரொம்ப சிம்பிள். கம்பி நீளமாக ஆக கரண்ட் எப்படிக் குறையுது?

கருவியைத் தானே செஞ்சார். பட்டறைப் பழக்கம் இங்கதான் கைகொடுத்தது. ஒரு காந்த ஊசியை மெல்லிய உலோக நாடாவில் தொங்க விட்டார். கீழே கம்பியில் கரண்ட் ஓடினா ஊசி திரும்பும். மேலே இருக்கும் தலைப்பை முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டு வருவார். எவ்வளவு முறுக்கினோம் என்பதுதான் கரண்டோட அளவு. கவனிச்சீங்களா, இந்த மீட்டர் கம்பிக்கு வெளியே நிற்குது. சர்க்யூட்டுக்குள்ள நுழையவே இல்லை.

அப்படியிருந்தும் 1825-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரை தப்பு. நீளத்துக்கும் கரண்ட் குறைவுக்கும் நடுவில் ஒரு லாகரிதம் இருக்குன்னு எழுதிட்டார். அவர் கணக்கு போடத் தெரியாதவர் இல்லை. காட்டிக் கொடுத்தது பேட்டரி. அப்போ இருந்த வோல்டா பேட்டரியில் இருந்து கரண்ட் எடுக்க எடுக்க அது சோர்ந்து போகும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தா திரும்ப ஏறும். நீங்க கம்பியை மாத்தி அடுத்த ரீடிங் எடுக்கும்போது பேட்டரி பழைய பேட்டரி இல்லை. கம்பியை அளக்கிறோம்னு நினைச்சுட்டு, பாதி நேரம் பேட்டரியோட களைப்பைத்தான் அளந்துட்டு இருந்தார்.

இந்த நிலைமையில் உதவினவர் போகண்டார்ஃப். அறிவியல் இதழ் ஒன்றோட ஆசிரியர். பேட்டரியை விட்டுட்டு வெப்பத்தில் இருந்து வரும் மின்சாரத்தைப் பயன்படுத்திப் பாருங்கன்னு யோசனை சொன்னார். அதாவது நம்ம தெர்மோகப்புள். ரெண்டு உலோகத்தைச் சேர்த்து, ஒரு சந்திப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிராகவும் வைச்சா கரண்ட் ஓடும். சில வருஷம் முன்னாடிதான் சீபெக் அதைக் கண்டுபிடிச்சிருந்தார். வோல்டேஜ் ரொம்பக் குறைவு. ஆனா ஒரு பெரிய லாபம் உண்டு. தண்ணி கொதிக்கும் வரைக்கும் ஒரு முனை நூறு டிகிரிதான், ஐஸ் உருகும் வரைக்கும் இன்னொரு முனை பூஜ்யம்தான். களைப்பே கிடையாது. இன்னைக்கு நம்ம லேப் டேபிளில் இருக்கும் ரெகுலேட்டட் பவர் சப்ளை செய்யும் வேலையை, கொதிக்கும் தண்ணியும் ஐஸ்கட்டியும் செஞ்சது.

1826 ஜனவரி. ஒரு பிஸ்மத் பட்டை, ரெண்டு பக்கமும் செம்பு. ஒரே தடிமனில் எட்டு செம்புக் கம்பிகள். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாக மாட்டி ஊசியைப் பார்த்தார். 2 அங்குலக் கம்பிக்கு 326¾. 130 அங்குலத்துக்கு 48½.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. நீளம் 65 மடங்கு கூடியிருக்கு. அப்போ கரண்ட் 65 மடங்கு குறையணும்தானே? ஏழு மடங்குகூடக் குறையலை. அவசரக்காரனாக இருந்தா விதியே இல்லைன்னு விட்டுட்டுப் போயிருப்பான். ஓம் என்ன செஞ்சார்னா, கம்பியோட நீளத்தோட இன்னொரு எண்ணையும் கூட்டிப் பார்த்தார். அந்த எண் 20¼. இப்போ 7285 என்ற எண்ணை, கம்பி நீளமும் 20¼-உம் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்க. 2 அங்குலத்துக்கு 327 வரும். 130 அங்குலத்துக்கு 48½ வரும். போன் எடுத்து கால்குலேட்டரில் போட்டே பார்க்கலாம்.

அந்த 20¼ என்ன? கம்பியைத் தவிர சர்க்யூட்டில் மிச்சம் இருக்கும் எல்லாம். பிஸ்மத் பட்டை, செம்புத் துண்டுகள், இணைப்புகள். இதெல்லாம் சேர்ந்து 20¼ அங்குலக் கம்பி எவ்வளவு தடுக்குமோ அவ்வளவு தடுக்குது. வெப்பநிலை வித்தியாசத்தைக் குறைச்சுப் பார்த்தார். மேலே இருந்த 7285 தடால்னு இறங்கிச்சு, கீழே இருந்த 20¼ அசையலை. ஆக, மேலே இருப்பது மூலத்தோட பலம், கீழே இருப்பது சுத்திலும் இருக்கும் தடை. நம்ம புத்தகத்தில் வி, ஐ, ஆர் மூணு எழுத்துதான் இருக்கு. அவர் கண்டுபிடிச்சது அதைவிடப் பெருசு. எந்த சப்ளைக்குள்ளேயும் ஒளிஞ்சிருக்கும் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸும் அந்த முதல் நாள் கணக்கிலேயே இருந்தது.

இது நமக்குப் புதுசு இல்லை. எங்க தாத்தா ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில். டிரான்ஸ்பார்மர்ல இருந்து ரொம்பத் தள்ளி கடைசி வீடு. பக்கத்துக் கொல்லையில் பம்ப்செட் போட்டவுடனே வீட்டு பல்பு மங்கும், ஃபேன் சுணங்கும். கரண்ட் கம்மியா வருதுன்னு தாத்தா சொல்லுவார். நீளமான லைனே அந்த 20¼. மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும்போது, லைனிலேயே கொஞ்சம் வோல்ட் விழுந்துடுது, மிச்சம்தான் வீட்டுக்கு வருது.

சரி, ஓம் கதைக்கு வருவோம். விதி கிடைச்சாச்சு. வாழ்க்கை மாறியிருக்கும்னுதானே நினைக்கிறீங்க?

அவரும் அப்படித்தான் நினைச்சார். ஒரு வருஷம் லீவு, பாதிச் சம்பளம். தம்பி இருந்த பெர்லினுக்குப் போய் உட்கார்ந்து புத்தகம் எழுதினார். 1827-இல் வந்தது. மின்சுற்றைக் கணித முறையில் விளக்கும் புத்தகம். சூடு ஒரு கம்பியில் எப்படிப் பரவுதுன்னு ஃபூரியே எழுதினதை மாதிரியா வைச்சு, கரண்ட் எப்படி ஓடுதுன்னு எழுதினார். இந்தப் புத்தகத்தால் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலை வரும்னு நம்பினார். வரலை. அந்தக் காலத்து ஜெர்மனியில் இயற்பியலைக் கணக்காக எழுதுவதே பலருக்குப் பிடிக்கலை. பெர்லினில் போல் என்பவர் எழுதின விமர்சனம் ரொம்ப மோசம். பலர் படிக்கவே இல்லை.

மனசு உடைஞ்சு 1828-இல் கொலோன் வேலையை ராஜினாமா பண்ணிட்டார். அடுத்த சில வருஷம் பெர்லினில் ராணுவப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓட்டினார். முப்பத்தொன்பது வயசு. கல்யாணம் பண்ணிக்கலை, கடைசி வரைக்கும் பண்ணிக்கவே இல்லை. கையில் உலகத்துக்கே தேவையான ஒரு விதி. அதைக் கேட்க ஆள் இல்லை. 1833-இல்தான் நியூரம்பெர்க் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் வேலை கிடைச்சது. ஆமாம், பாலிடெக்னிக். அவர் ஆசைப்பட்டது பல்கலைக்கழகம்.

அவரைக் காப்பாத்தினது அளவீடுதான். விமர்சனம் எழுதினவங்க அளந்து பார்க்கலை. லைப்சிக்கில் ஃபெக்னர் அளந்து பார்த்தார், 1831-இல் சரின்னு எழுதினார். பிரான்ஸில் பூயே அளந்தார், அதே விதி வந்தது. தந்தி வேலையில் இறங்கினவங்களுக்கு இது இல்லாமல் முடியாது. எத்தனை மைல் கம்பிக்கு எத்தனை பேட்டரி வைக்கணும், லைன் எந்த இடத்தில் பூமியைத் தொட்டு லீக் ஆகுது, இதுக்கெல்லாம் ஓம் கணக்குதான் வழி. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி மெடல் கொடுத்தது. அறிவியலில் அப்போ அதைவிடப் பெரிய கௌரவம் குறைவு. புத்தகம் வந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. சொந்த நாட்டுக்கு முன்னாடி வெளிநாடு மரியாதை செஞ்சது.

1849-இல் மியூனிக் கூப்பிட்டது. 1852-இல் அங்கே பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர். இருபது வயசில் இருந்து ஆசைப்பட்ட நாற்காலி, அறுபத்துமூணு வயசில் கிடைச்சது. ரெண்டு வருஷம்தான் உட்கார்ந்தார். 1854 ஜூலை 6 அன்று மியூனிக்கில் இறந்தார். 1881-இல் பாரிஸில் நடந்த மின்சார மாநாட்டில் தடைக்கான அலகுக்கு அவர் பேரை வைச்சாங்க. பக்கத்திலேயே வோல்டா பேர், ஆம்பியர் பேர். அதைப் பார்க்க அவர் இல்லை.

இப்போ எங்க போர்டு. கண்டுபிடிச்சிட்டீங்களா?

பொங்கல் சமயத்தில் விக்கிரவாண்டி டோல்கேட்டைப் பார்த்திருப்பீங்க. எத்தனை வண்டி போகுதுன்னு எண்ணணும்னு அதுக்குப் பக்கத்திலேயே நீங்க இன்னொரு கேட் போட்டு ஒவ்வொரு வண்டியா நிறுத்தி எண்ணினா என்ன ஆகும்? எண்ணிக்கை கிடைக்கும். ஆனா அது நீங்க கேட் போட்டதுக்கு அப்புறம் வந்த எண்ணிக்கை. நம்ம மல்டிமீட்டர் அந்த இன்னொரு கேட்தான். ஓமோட ஊசி மாதிரி அது வெளியே நிற்கலை. உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கு, ஷன்ட்னு பேர். கரண்ட் அது வழியாகத்தான் போகணும். அதில் விழும் வோல்டைப் பார்த்துதான் மீட்டர் கரண்டைச் சொல்லும்.

நம்ம கையில் இருக்கும் சாதாரண மீட்டரில் 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் இந்த ஷன்ட் சுமார் 1 ஓம். ஃபியூஸ், வயர் எல்லாம் சேர்த்து ஒன்றரைன்னு வைச்சுக்கலாம். வைஃபை அனுப்பும் கணத்தில் எங்க போர்டு சுமார் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும். பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 0.45 வோல்ட் மீட்டரிலேயே போயிடும். ரெண்டு பழைய பேட்டரி, 2.8 வோல்ட். பேட்டரிக்கு உள்ளே இருக்கும் தடையிலும் கொஞ்சம் விழும். போர்டுக்குப் போய்ச் சேருவது 2.2-க்குப் பக்கம். ஈஎஸ்பி32 சுமார் 2.4-க்குக் கீழே போனா தானே ரீசெட் ஆயிடும். மீட்டர் ஸ்கிரீனில் இதெல்லாம் தெரியாது, ஏன்னா அது சராசரியைத்தான் காட்டும். அந்தக் கணம் கண்ணுக்குத் தெரியாமலே போயிடும்.

விடியற்காலையில் ப்ரோப்பை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாத்தினோம். அங்க ஷன்ட் ரொம்பச் சின்னது. போர்டு ஓடிச்சு. அப்புறம் 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நாங்களே சீரிஸில் போட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் ஆசிலோஸ்கோப் வைச்சுப் பார்த்தோம். வைஃபை போகும்போதெல்லாம் 30 மில்லி வோல்ட் உயரத்துக்கு ஒரு முள் எழும்பி விழுது. 30 மில்லி வோல்டை 0.1-ஆல் வகுத்தா 300 மில்லி ஆம்பியர். அந்த முள்ளைப் பார்த்தப்போ எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். இதே 0.1 ஓமை வைச்சு போர்டு தூங்கும்போது இழுக்கும் 10 மைக்ரோ ஆம்பியரை அளக்க முடியாது. 1 மைக்ரோ வோல்ட்தான் வரும், இரைச்சலில் காணாமல் போயிடும். அதுக்கு 100 ஓம் போடணும். ஆனா 100 ஓமோட போர்டு முழிச்சா அந்தக் கணமே செத்துடும். அதனால தூக்கத்தைத் தனியா, முழிப்பைத் தனியா அளந்து, நேரக் கணக்குப் போட்டுச் சேர்க்கணும். இன்னொன்று, ப்ரோப் ஆம்பியர் சாக்கெட்டில் இருக்கும்போது மறந்தும் பேட்டரிக்குக் குறுக்கே வைச்சுடாதீங்க. அந்த 1 ஓமும் நேரா ஷார்ட்தான். எங்க டீமில் ஒருத்தன் வைச்சான், ஃபியூஸ் போச்சு.

ரிவ்யூவில் பேட்டரி எத்தனை நாள் வரும்னு கேட்டாங்க. சொன்னோம். எப்படி அளந்தீங்கன்னும் கேட்டாங்க. முதலில் தப்பா அளந்ததையும் சேர்த்தே சொன்னோம். 1825-இல் தப்பாக எழுதி, 1826-இல் தானே திருத்தினவர் பேரைச் சொல்லித்தானே தினமும் சர்க்யூட் போடறோம்.

அடுத்த தடவை லேபில் ரீடிங் எதிர்பார்த்ததுக்குக் கொஞ்சம் கம்மியா வந்தா, ரெக்கார்டில் சரியான வேல்யூவை எழுதிட்டுக் கிளம்பிடாதீங்க. அந்த வித்தியாசம் எங்க விழுதுன்னு தேடுங்க. சப்ளைக்குள்ளேயா, வயரிலா, மீட்டரிலேயா? உங்களோட 20¼ அங்கதான் இருக்கும்.